விளையாட்டுலகில் உழைப்பும் விலையும்

விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் கட்டுரை வரைகின்றான் எனின், அது சங்கச் செய்யுளைப் பற்றியதாகவோ சமயநெறியைப் பற்றியதாகவோ இருக்குமெனப் பழைய மாணவர் எதிர்பார்த்தல் இயல்பே. யானோ கணினியில் ஆடப்படும் விளையாட்டு ஒன்றைப் பற்றி எழுதத் துணிந்தேன். துணிந்தமைக்குக் காரணம் உண்டு. நம் மேல்வகுப்பு மாணவர் தம் தமிழ் மன்றத்தில் நிகழ்த்திய விவாதம் ஒன்றுக்கு என்னை நடுவராக இருத்தினர். "விளையாட்டுலகச் சந்தையைக் கெடுப்போருள் பொறியை இயக்குவோனும் கூலிக்கு ஆடுவோனும் ஒரே குற்றத்தினர்" என்பது விவாதப் பொருள். இரு பக்கத்தாரும் திறம்படப் பேசினர். நடுவராகிய எனக்குத்தான் விடயம் விளங்கவில்லை. ஆகவே தீர்ப்பைப் பிறிதொரு நாளைக்கு ஒத்திவைத்து, மாணவரையே ஆசிரியராகக் கொண்டு, கற்கவேண்டியவற்றைக் கற்றேன். கற்றபோது, இது விளையாட்டைப் பற்றிய செய்தி மாத்திரம் அன்று, மனிதன் உழைப்புக்கு விலை எவ்வாறு அமைகின்றது என்பது பற்றிய செய்தியுமாம் எனக் கண்டேன். அதனையே ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

முதற்கண் விளையாட்டின் இயல்பை அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஜாகெக்ஸ் என்னும் நிறுவனத்தார் நடத்தும் 'றூன்ஸ்கேப்' என்னும் ஆட்டத்தை உதாரணமாகக் கொள்வோம். இது 2001ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் 2007ஆம் ஆண்டு வடிவத்தை விரும்பியோர் பலராதலின், அவ்வடிவம் 2013ஆம் ஆண்டு மீளவும் தனியாக வெளியிடப்பட்டது. பல நாட்டார் ஒரே வேளையில் இணையத்தின் வழியாக இவ்வுலகினுட் புகுந்து, ஒவ்வொருவரும் ஓர் உருவத்தை இயக்குவர். சதுரங்கம் போல ஒரு நாழிகையில் முடிவெய்தும் ஆட்டம் அன்று இது. இன்று ஒருவன் ஈட்டிய பொருள் நாளையும் அவன் கணக்கில் இருக்கும். ஆண்டுகள் கழிந்தும் இருக்கும்.

இவ்வுலகில் மரந்தறித்தல், மீன்பிடித்தல், சுரங்கம் அகழ்தல், நூல் நூற்றல், வில் செய்தல் முதலான தொழில்கள் உள. தொழிலைச் செய்யுந்தோறும் அனுபவப் புள்ளி சேரும். புள்ளி சேரச்சேரத் தேர்ச்சிப்படி உயரும். ஒரு தொழிலில் 99ஆம் படியை அடைவதற்கு 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். வியப்பு யாதெனின், 92ஆம் படியை எய்தியவன் அப்பொழுதுதான் பாதிவழி வந்தவனாவான். எஞ்சிய ஏழு படிக்கும் முன்னைய தொண்ணூற்றிரண்டு படிக்கும் ஒத்த உழைப்பு வேண்டும். ஆகவே இவ்வாட்டத்திற் பொருளீட்டல் பொறுமையை வேண்டி நிற்பது. பள்ளி விடுமுறை முழுவதையும் மரந்தறித்தே கழித்த மாணவர் உளர் என அறிக.

ஈட்டிய பொருளை விற்க ஒரு சந்தை உண்டு. 2007ஆம் ஆண்டு நவம்பரில் நிறுவனத்தார் பேரங்காடி ஒன்றை ஆட்டத்தினுள் நிறுவினர். விற்போன் பொருளையும் விலையையும் கூறி வைத்துச் செல்வான். வாங்குவோன் தன் விலையைக் கூறுவான். இரண்டும் பொருந்தின் வாணிகம் தானே முடியும். ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதில்லை. ஒருவன் ஆறு மணிநேரம் வருந்தித் தறித்த மரமும், பிறிதொருவன் உறங்கும்போது அவன் கணினி தறித்த மரமும் அங்கே ஒரே குவியலிற் சேரும். பொருளின் மேல் உழைத்தவன் பெயர் எழுதப்படுவதில்லை. இவ்வொன்றை நினைவிற் கொண்டால், பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

உழைப்பு எவ்வாறு காசாகின்றது என்பதற்கு ஒரு பொருளின் வழியைப் பின்தொடர்வோம். வயலிலே ஆளிச்செடி விளைகின்றது. அதனைப் பறித்தற்குத் தேர்ச்சி எதுவும் வேண்டா. பறித்ததை இராட்டையில் நூற்றால் வில்நாண் ஆகும். யூ மரத்தைத் தறித்தற்கு 60ஆம் படி வேண்டும். அம்மரத்தை நெடுவில்லாகச் செதுக்குதற்கு வில்தொழிலில் 70ஆம் படி வேண்டும். நாணேற்றிய நெடுவில்லை வாங்குவோன், மந்திரத் தொழிலில் 55ஆம் படி எய்தியவனாயின், மந்திரக்கல் ஒன்றைச் செலவிட்டு இரசவாதம் செய்து அவ்வில்லை 768 பொற்காசாக மாற்றுவான். இந்த 768 காசும் பிறர் எவர் பையிலிருந்தும் வந்தவை அல்ல. இல்லாமையினின்று புதிதாகத் தோன்றியவை. ஆகவே வில் எத்துணை மலிந்தாலும், 768 காசில் மந்திரக்கல்லின் விலையைக் கழித்த எல்லைக்குக் கீழே பெரிதும் இறங்காது. இறங்கின் இரசவாதிகள் வாங்கிக் காசாக்கி விடுவர். இவ்வாறு ஊற்றெடுக்கும் காசு வற்றுதற்கும் வழிகள் உள. கடைப்பொருள் வாங்கல், வீடு கட்டல், சில கட்டணங்கள் ஆகியவற்றாற் காசு உலகை விட்டு நீங்கும். ஊற்று மிக்கு வடிகால் குறையின், எல்லார் கையிலும் காசு பெருகி, அருமையான பொருள்களின் விலை ஏறும். பணவீக்கம் என நாளிதழ்களில் யாம் படிப்பது இதுவே.

இனித் தானியங்கிகளைப் பற்றிக் கூறுவாம். 'றொபொட்' என்னும் சொல்லின் ஈற்றுப் பகுதியைக் கொண்டு இவற்றைப் 'பொட்' என்பர். இவை ஆடுவோனுக்குப் பதிலாகத் தாமே ஆட்டத்தை இயக்கும் மென்பொருள்கள். மரம் எங்கே உளது, பை நிறைந்ததா, பண்டசாலைக்கு வழி எது என்பவற்றை உணர்ந்து, சுட்டியை அழுத்துவதுபோல் ஏவல் அனுப்பும். இவற்றுக்குப் பசியும் உறக்கமும் சலிப்பும் இல்லை. ஒரே கணினியிற் பலவற்றை ஓட்டுதலும் கூடும்.

தொடக்கத்தில் நிறுவனத்தார் ஒரு சூழ்ச்சி செய்தனர். உழைப்போன் முன்னே எதிர்பாரா வகையில் ஏதேனும் ஓர் உருவம் தோன்றி இடையூறு செய்யும், அல்லது புதிரொன்றை விடுக்கும். மனிதனாயின் உடனே உணர்ந்து ஏற்றவாறு செய்வான். பொறியாயின் விழிக்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் மென்பொருள் இயற்றியோர் அப்புதிர்களுக்கும் விடை கற்பித்தனர். ஒரே இடத்தில் ஒரே கால இடைவெளியில் அழுத்துவதைக் கொண்டு பொறியைப் பிடிக்கத் தொடங்கியபோது, பொறிகள் வேண்டுமென்றே தாமதிக்கவும் தடுமாறவும் கற்றன. மனிதன் பிழையின்றிச் செய்யப் பயில, பொறி பிழைபடச் செய்யப் பயின்றது என்று ஒரு மாணவன் விவாதத்திற் கூறினான். அவையோர் கைதட்டினர்.

தானியங்கியோடு சேர்த்துப் பேசப்படுவோர் பொன்னுழவர். ஆங்கிலத்திற் 'கோல்ட் பார்மர்' என்னும் சொல்லின் நேர்பொருள் இது. இவர்கள் மனிதர். ஆட்டத்திற் காசும் பொருளும் திரட்டி, அவற்றை ஆட்டத்துக்குப் புறத்தே உண்மைப் பணத்துக்கு விற்றுப் பிழைப்போர். விளையாட்டுக் காசை உண்மைப் பணத்துக்கு எவர் வாங்குவர் எனப் பெரியோர் ஐயுறலாம். 2001ஆம் ஆண்டிலேயே எட்வேட் கஸ்ட்ரோனோவா என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர், 'எவர்குவெஸ்ட்' என்னும் ஆட்டத்தின் பொருள்கள் ஏலத்தில் விலைபோனமையை ஆராய்ந்து, அவ்வுலகில் ஒருவன் ஒரு மணிநேரம் உழைத்தால் ஏறத்தாழ 3.42 டொலர் பெறுமதியை ஆக்குகின்றான் எனக் கணித்தார். செல்வந்த நாட்டில் உத்தியோகம் பார்ப்பவனுக்கு நேரம் இல்லை, பணம் உண்டு. வறியவனுக்கு நேரம் உண்டு, பணம் இல்லை. இவ்விரண்டும் சந்திக்கும் இடமே பொன்னுழவர் தொழில்.

2007ஆம் ஆண்டு நியூயோர்க் ரைம்ஸ் வார மலரில் வெளிவந்த செய்தியொன்று சீனத்தின் நான்ஜிங் நகரிலிருந்த அத்தகைய தொழிற்கூடம் ஒன்றை விவரித்தது. அங்கே இளைஞர் இரவிற் பன்னிரண்டு மணிநேரம் 'வேள்ட் ஒவ் வோர்கிராவ்ற்' என்னும் ஆட்டத்தை ஆடினர். நூறு பொற்காசு திரட்டியவனுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1.25 டொலர், மணிக்கணக்கிற் பார்ப்பின் 30 சதம். அந்நூறு காசைத் தொழிற்கூட உரிமையாளர் 3 டொலருக்கோ அதற்குச் சிறிது மேலாகவோ விற்றார். இறுதியில் வாங்கிய மேனாட்டார் கொடுத்த விலை 20 டொலர் வரை சென்றது. உலகில் எங்கும் காணப்படும் இடைத்தரகு முறை விளையாட்டினுள்ளும் புகுந்தவாறு காண்க.

நிற்க. இவர்களோடு போட்டியிடும் நேர்மையான ஆட்டக்காரனுக்கு நிகழ்வது யாது? விளக்கத்தின் பொருட்டு ஒரு கணக்கை அமைப்போம். ஒருவன் மணிக்கு ஆயிரம் ஆளிச்செடி பறிக்கின்றான் எனவும், ஒன்றின் விலை 10 காசு எனவும் கொள்க. மணிக்கூலி 10,000 காசு. நூறு தானியங்கிகள் வயலிற் புகுந்து நாள் முழுவதும் பறிக்கின்றன. கேள்வி மாறவில்லை, நிரம்பல் பன்மடங்காயிற்று. விலை 3 காசாக வீழ்கின்றது. அவன் கை முன்போலவே உழைக்கின்றது. கூலியோ 3,000 காசு. முன்னர் ஒரு மணியில் ஈட்டியதை இப்பொழுது மூன்று மணிக்கு மேல் உழைத்தே ஈட்டல் வேண்டும். அவனிடத்திற் சோம்பல் இல்லை, பிழையும் இல்லை; ஆயினும் அவன் உழைப்பு மலிந்தது.

ஆனால் அதே ஆயிரம் செடியை வாங்கி நாண் நூற்பவனுக்கு மூலப்பொருட் செலவில் 7,000 காசு மிச்சம். ஆகவே தானியங்கி எல்லார்க்கும் ஒருங்கே கேடு செய்வதன்று. விற்போன் இழப்பதை வாங்குவோன் பெறுகின்றான். புதிதாக ஆட்டத்தில் நுழைந்து எளிய தொழிலைச் செய்யும் சிறுவனே பெரிதும் இழப்பவன்; பல படி ஏறிய செல்வனே பெரிதும் பெறுபவன். சந்தை முழுவதும் மலிந்தது என மகிழ்வோர் பெரும்பாலும் மேற்படியில் நிற்போர் என்பதனை மாணவர் மறத்தலாகாது.

நிறுவனத்தார் வாளாவிருந்தாரல்லர். காசு விற்போர் பலர் திருட்டுக் கடனட்டைகளைப் பயன்படுத்தியமையால் அவர்க்கு உண்மைப் பணத்திலேயே இடர் நேர்ந்தது. 2007ஆம் ஆண்டு டிசெம்பரில் அவர் ஒரு கடிய மருந்தைக் கொடுத்தனர்: இருவர் தமக்குள் மாற்றும் பொருள்களின் பெறுமதி ஏறத்தாழச் சமமாக இருத்தல் வேண்டும் என விதித்தனர். காசு விற்றல் அருகியது. ஆனால் நண்பனுக்கு நண்பன் பரிசளித்தலும் அருகியது. பலர் மனம் நொந்து ஆட்டத்தை விட்டனர். பின்னர் நடந்த வாக்கெடுப்பிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. அவற்றுள் 91 வீதமானவை பழைய முறையை வேண்டின. 2011ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் சுதந்திர வாணிகம் மீண்டது. தானியங்கிகளும் வெள்ளம்போல் மீண்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 25ஆம் நாள், ஒரே நாளிற் பதினைந்து இலட்சம் கணக்குகளைத் தடைசெய்ததாக நிறுவனம் அறிவித்தது. அதன் பின்னும் களை முளையாமல் இல்லை.

பிற்காலத்து மருந்துகள் நுட்பமானவை. 2013ஆம் ஆண்டும், பழைய வடிவில் 2015ஆம் ஆண்டும், பிணைமுறி எனப் பெயரிட்ட சீட்டொன்று விற்கப்படலாயிற்று. பணமுடையவன் இதனை நிறுவனத்திடம் வாங்கி ஆட்டத்தினுட் காசுக்கு விற்பான். காசுடையவன் அதனை வாங்கி உறுப்புரிமைக் கட்டணமாகச் செலுத்துவான். கள்ளச் சந்தைக்குச் செல்லும் பணத்தை நேர்வழியிற் திருப்பும் உபாயம் இது. மேலும் 2021ஆம் ஆண்டு டிசெம்பரிற் பேரங்காடி விற்பனைக்கு 1 வீத வரி விதித்து, வரிப்பணத்தின் ஒரு பங்கால் மிகைப்பட்ட பொருள்களை வாங்கி அழித்தனர். 2025ஆம் ஆண்டு அவ்வரி 2 வீதமாக உயர்ந்தது.

இவ்வளவும் ஆள்வோர் செய்வன. ஆடுவோன் தானே செய்யக்கூடியது யாது? இங்கே ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். தானியங்கியை ஓட்டுவோன் எப்பொழுதும் தன் கணக்குத் தடைபடும் என்று எண்ணியே தொழில் செய்கின்றான். ஆகவே இன்று அழிந்தால் நாளை மீண்டும் எளிதில் ஆக்கத்தக்க கணக்கையே அவன் விரும்புவான். தேர்ச்சி வேண்டாத ஆளிவயலிற் பொறிகள் மொய்த்தமைக்குக் காரணம் இதுவே. நீண்ட கதைப்பணிகளை முடித்து, பல தொழிலில் உயர்ந்த படி எய்தினாலன்றி நுழையமுடியாத இடங்களில், ஒரு கணக்கை இழத்தல் பல மாத முயற்சியை இழத்தலாகும். நேர்மையாளன் அஞ்சவேண்டாத அவ்விழப்புக்குப் பொறியுடையோன் அஞ்சுவான். ஆதலின் முதல் நெறி: பொறி விற்பதை நீ விற்காதே, அதனை வாங்கி மேற்படித் தொழிலுக்கு மூலப்பொருளாக்கு. இரண்டாம் நெறி: பலநாட் பயிற்சியால் மாத்திரம் திறக்கும் வாயிலை நாடு. மூன்றாம் நெறி: புதிய பகுதி வெளியாகும் முதன்னாட்களில், பொறிக்குக் கற்பிக்கப்படுமுன், நீ கற்றுக்கொள்.

எனினும் இம்மதில்களும் நிலையானவை அல்ல. 2015ஆம் ஆண்டு வெளியான 'சுல்றா' என்னும் பெரும் பாம்போடு பொருதற்கு நீண்ட கதைப்பணிகள் முடித்திருத்தல் வேண்டும். ஆயினும் வருவாய் மிகுதியாதலின் தானியங்கிகளும் பொன்னுழவரும் அங்கும் ஏறினர். மதிலின் உயரத்தை விடப் பயன் பெரிதாயின் ஏணி செய்வார் தோன்றுவர். நேர்மையாளன் ஓரிடத்தில் அமர்ந்திருத்தல் இயலாது. கற்றுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

இனி விவாதத்தின் உயிர்நிலைக்கு வருவோம். தென்னமெரிக்காவிலுள்ள வெனிசுவெலா நாட்டின் பொருளாதாரம் 2014ஆம் ஆண்டின் பின் சரிந்தது. 2018ஆம் ஆண்டு அந்நாட்டு நாணயத்தில் ஐந்து பூச்சியங்களும், 2021ஆம் ஆண்டு மேலும் ஆறு பூச்சியங்களும் நீக்கப்பட்டன என்றால் பணத்தின் வீழ்ச்சியை உய்த்துணரலாம். மாதச் சம்பளம் சில டொலராகச் சுருங்கிய அக்காலத்தில், பழைய கணினியிலும் ஓடத்தக்க இவ்வாட்டத்தைப் பலர் பிழைப்பாகக் கொண்டனர். ஒருவரை ஒருவர் கொல்லவும் பொருளைப் பறிக்கவும் இடந்தரும் காட்டுநிலத்தில், பச்சை டிராகன்களைக் கொன்று எலும்பும் தோலும் சேர்த்து விற்று, வந்த டொலரால் உணவும் மருந்தும் வாங்கினர். 2019ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் அந்நாட்டின் பெரும்பகுதி மின்சாரம் இன்றி இருளில் மூழ்கியபோது, ஆட்டச் சந்தையிலும் அவ்விருளின் நிழல் விழுந்தது என ஆடுவோர் பலர் குறித்தனர்.

அவர்களைச் சிலர் வெறுத்தனர். சந்தையைக் கெடுப்போர் எனக் கூறி, காட்டுநிலத்தில் அவர்களைத் தேடிக் கொல்லும் வழியைக் கூறும் எழுத்தொன்று 2017ஆம் ஆண்டில் உலாவியது. கொன்றவனுக்கு அது பொழுதுபோக்கு. கொல்லப்பட்டவனுக்கோ அன்றைய இரவு உணவின் இழப்பு. விவாதத்தில் எதிர்த்துப் பேசிய மாணவன் இவ்வொன்றைச் சொல்லி அமர்ந்தபோது மண்டபம் சிறிது நேரம் அமைதியாயிருந்தது.

நடுவராகிய என் தீர்ப்பு வருமாறு. விலையின் கண்ணுக்குத் தானியங்கியும் பொன்னுழவனும் ஒருவரே. இருவரும் நிரம்பலைப் பெருக்குகின்றனர், விலை வீழ்கின்றது. விதியின் கண்ணுக்கும் இருவரும் தவறியோரே. காசை வெளியே விற்றல் இருவர்க்கும் விலக்கப்பட்டதாகும். ஆனால் அறத்தின் கண் இன்னும் சற்று நுணுகி நோக்கும். பொறியை ஓட்டுவோன் தான் உழையாது, உழைப்போர் பலருடைய கூலியைக் குறைக்கின்றான். கூலிக்கு ஆடுவோன் விற்பது தன் சொந்த நேரத்தை. அவன் மற்றவரைப் போலவே வருந்தி மரந்தறித்தவன். அவனை அவ்விடத்துக்குத் தள்ளியது பேராசை அன்று, பசி. மேலும் இருவரையும் வளர்ப்பவன் மூன்றாமவன் ஒருவன் உளன். விவாதித்தோர் எவரும் அவனைக் கூண்டில் ஏற்றவில்லை. காசைக் கொடுத்துக் குறுக்குவழியில் உயர விரும்பி வாங்குவோனே அவன். வாங்குவோன் இன்றேல் பொறியும் ஓடாது. வாணிகத்துக்குரிய நெறியைத் திருவள்ளுவர் பொருட்பாலில் வையாது, அறத்துப்பாலிலே நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தமையின் நுட்பம் இவ்விடத்தில் எனக்கு முன்னினும் நன்கு விளங்கிற்று. ஆகவே "ஒரே குற்றத்தினர்" என்னும் பிரேரணை வீழ்ந்தது.

இறுதியாக ஒன்று. இவ்வாட்டத்தில் 2014ஆம் ஆண்டு முதல் 'இரும்பு மனிதர்' என ஒரு வகையினர் உளர். இவர்கள் எவரிடமும் வாங்கவோ, எவர்க்கும் விற்கவோ இயலாத கணக்கைத் தாமே விரும்பித் தெரிந்துகொள்வர். வில் வேண்டின் தாமே செடி பறித்து, தாமே நூற்று, தாமே மரம் தறித்தல் வேண்டும். பேரங்காடியில் மூன்று காசுக்கு வீழ்ந்த ஆளிச்செடி இவர் கையில் மீண்டும் உழைப்பின் முழுப் பெறுமதியையும் பெறுகின்றது. எத்தனை ஆயிரம் தானியங்கிகள் ஓடினும் இவர்க்கு இழப்பு இல்லை. ஏனையோர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு: பொருளை விலைக்கு வாங்கலாம், தேர்ச்சிப்படியை ஒருவன் கையிலிருந்து மற்றொருவன் கைக்கு மாற்றும் அங்காடி அவ்வுலகில் இல்லை.

கட்டுரையை எழுதித் தரும் பொறியும் இக்காலத்தில் வந்துவிட்டது. மாணவர் கொணரும் கட்டுரைகளைத் திருத்தும்போது, இது எவர் தறித்த மரம் என யான் ஐயுறும் நாட்களும் உள. அவர்க்கு யான் கூறுவது இதுவே: புள்ளி சந்தைப் பொருளைப் போன்றது, அதன் விலை ஏறும், இறங்கும், கற்ற தேர்ச்சியோ கைமாறாதது. இக்கல்லூரியின் பழைய மாணவர் உலகின் பல திக்கிலும் சென்று நிலைபெற்றமை, இங்கிருந்து கொண்டுசென்ற பொருளால் அன்று, அவ்வாறு கைமாறாத ஒன்றைக் கொண்டுசென்றமையால் என்பதை இவ்விழா நாளில் இளையோர் சிந்திப்பாராக.